உள்ளே கேமரா விட்டுப் பார்ப்பது

"கர்ப்பப்பைக்குள்ள கேமரா விட்டுப் பாக்கணும்னு எழுதிக் குடுத்துட்டாங்க" என்று சீட்டை நீட்டும் பெண்ணிடம் வீட்டில் இருப்பவர்கள் முதலில் கேட்பது, "எங்க கிழிப்பாங்க?" என்றுதான். எங்கேயும் கிழிக்க மாட்டார்கள். வயிற்றில் ஓட்டை இல்லை, தையல் இல்லை. குழந்தை வெளியே வருகிற அதே பாதை வழியாக, சுமார் 3 முதல் 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள குழல் ஒன்றைக் கர்ப்பப்பை வாய்க்குள் செலுத்தி, உட்சுவரை டி.வி. திரையில் பார்க்கிறார்கள். அதுதான் ஹிஸ்டரோஸ்கோப்பி. ஒரே வரியில் சொல்லிவிட்டேனே தவிர, இதில் நிதானமாகப் பேச வேண்டியது நிறைய இருக்கிறது. டீயை எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஊரில் "ஓட்டை போட்டு ஆபரேஷன்" என்று சொல்வது லேப்ராஸ்கோப்பியை. தொப்புள் அருகே துளையிட்டு, கர்ப்பப்பையின் வெளிப்புறம், கருக்குழாய்கள், சினைப்பைகள் எல்லாவற்றையும் பார்ப்பது அது. ஹிஸ்டரோஸ்கோப்பியில் தெரிவது கர்ப்பப்பையின் உள்ளறை மட்டும். கருக்குழாய்கள் அந்த அறைக்குள் திறக்கும் இரண்டு வாய்கள் தெரியும். குழாயின் மீதிப் பகுதி தெரியாது. சினைப்பையில் இருக்கிற நீர்க்கட்டி இதில் தெரியவே தெரியாது. குழந்தையின்மைக்குச் சிகிச்சை தரும் மையங்களில் இரண்டையும் ஒரே மயக்கத்தில் சேர்த்துச் செய்வதுண்டு. அதனால்தான் வயிற்றில் பிளாஸ்திரியோடு வந்தவர் "எனக்கும் அதான் பண்ணாங்க" என்று சொல்லி அடுத்தவரைக் கலங்கடிக்கிறார்.

"ஸ்கேன்லயே எல்லாம் தெரியுமே, இது வேற எதுக்கு?" இதுவும் நியாயமான கேள்விதான். ஸ்கேன் நிழல்களைக் காட்டும். உட்சவ்வு இத்தனை மில்லிமீட்டர் தடித்திருக்கிறது என்று அளந்து சொல்லும். அந்தத் தடிப்பு முழுச் சுவரிலும் பரவியிருக்கிறதா, ஒரு மூலையில் தொங்கும் பாலிப் சதையா, சுவருக்குள்ளிருந்து உள்ளறைப் பக்கம் முட்டிக்கொண்டு வரும் நார்க்கட்டியா என்பதில் பல நேரம் தடுமாறும்.

இந்த மில்லிமீட்டர் விஷயத்தில் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். ஸ்கேன் ரிப்போர்ட்டில் "எண்டோமெட்ரியல் திக்னஸ் 12 மி.மீ." என்று பார்த்துவிட்டு, இரவெல்லாம் கூகுளில் தேடித் தூக்கத்தைத் தொலைக்கும் பெண்கள் அநேகம். மாதவிடாய் வந்துகொண்டிருக்கும் வயதில் அந்தச் சவ்வு மாதம் முழுவதும் ஏறி இறங்குவது. தூரம் முடிந்த கையோடு பார்த்தால் மெல்லியதாக இருக்கும். அடுத்த தூரத்துக்கு முந்தைய வாரம் 14, 16 மி.மீ. கூடப் போகும். எந்த நாளில் ஸ்கேன் எடுத்தார்கள் என்று தெரியாமல் அந்த எண்ணைத் தனியாகப் படித்துப் பயப்படுவதில் அர்த்தமில்லை. மாதவிடாய் நின்றுபோனவர்களுக்கு மட்டும் கணக்கு வேறு. அவர்களுக்கு இரத்தம் பட்டு, சவ்வும் 4 மி.மீட்டருக்கு மேல் தடித்திருந்தால் அடுத்த சோதனைக்குப் போயாக வேண்டும்.

இனி, எப்படிப் பார்க்கிறார்கள் என்பதற்கு வருவோம். கர்ப்பப்பையைப் படத்தில் வரையும்போது நடுவில் முக்கோணமாக ஓர் அறை இருப்பதுபோல வரைகிறார்கள். உண்மையில் அப்படி ஒரு வெற்றிடம் அங்கே கிடையாது. காலியான மஞ்சப்பை மடித்து வைத்தபடி இருக்குமே, அதுபோல முன்சுவரும் பின்சுவரும் ஒட்டிக்கொண்டிருக்கும். குழலை மட்டும் நுழைத்தால் கண்ணுக்கு முன்னால் சிவப்பாக ஒரு பரப்பு தெரியுமே தவிர வேறொன்றும் தெரியாது. சுவர்களைப் பிரித்து நிறுத்த எதையாவது நிரப்ப வேண்டும். இப்போது பெரும்பாலும் நிரப்புவது, கையில் டிரிப்ஸ் ஏற்றும் அதே சலைன் நீரை. குழலின் ஒரு பாதை வழியாக உள்ளே போய் இன்னொரு பாதை வழியாக வெளியே வந்துகொண்டே இருக்கும். உள்ளே கசியும் இரத்தத்தையும் அதுவே கழுவிக்கொண்டு போகும்.

இந்த ஒரு சங்கதி பிடிபடத்தான் மருத்துவ உலகுக்கு நூறாண்டு ஆனது. 1869ஆம் ஆண்டே பாந்தலியோனி என்ற மருத்துவர், மாதவிடாய் நின்ற பிறகு இரத்தப்போக்கு ஏற்பட்ட 60 வயதுப் பெண் ஒருவரின் கர்ப்பப்பைக்குள் குழல் விட்டுப் பார்த்துவிட்டார். சிறுநீர்ப்பையைப் பார்க்க பிரான்ஸின் டேசர்மோ உருவாக்கிய வகைக் கருவி அது. உள்ளே சதை வளர்ச்சி இருந்தது. சில்வர் நைட்ரேட் வைத்துச் சுட்டார். பார்த்ததும் சிகிச்சை செய்ததும் ஒரே அமர்வில். அப்படியிருந்தும் அதன் பிறகு வெகுகாலம் இந்த முறை பரவவில்லை. வெளிச்சம் போதவில்லை, சுவர்கள் விரியவில்லை, இரத்தம் கண்ணாடியை மறைத்தது. 1970ஐ ஒட்டி டெக்ஸ்ட்ரான் என்ற கெட்டியான கரைசலாலும், பிறகு கார்பன் டை ஆக்சைடு வாயுவாலும் உள்ளறையை விரித்துப் பார்க்கத் தொடங்கிய பிறகே இது நடைமுறைச் சோதனையானது. 1976இல் அமெரிக்காவின் நியூவிர்த், ஆண்களின் புராஸ்டேட் சுரப்பியைச் சீவ வைத்திருந்த கருவியைக் கொண்டு உள்ளறை நார்க்கட்டியை அறுத்தெடுத்தார். சிறுநீரகத் துறைக்காரர்களிடமிருந்து கடன் வாங்கியே இந்தத் துறை வளர்ந்தது.

சரி, யாருக்குத் தேவை? முதல் வரிசையில் நிற்பவர்கள் நாற்பதுகளில் இருக்கும் பெண்கள். பத்து நாள், பதினைந்து நாள் படுகிறது. கட்டி கட்டியாகப் போகிறது. ஹீமோகுளோபின் 7, 8 என்று இறங்கிவிட்டது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. "இந்த வயசுல அப்படித்தான் இருக்கும், நிக்கப் போற நேரம்" என்று சொல்லிச் சொல்லியே ஒரு வருடத்தை ஓட்டியிருப்பார்கள். இரத்தச் சோதனை, தைராய்டு, ஸ்கேன் எல்லாம் முடிந்து, மாத்திரைக்கும் அடங்காமல், உள்ளறையில் ஏதோ இருப்பதாகச் சந்தேகம் வந்தால் ஹிஸ்டரோஸ்கோப்பி.

இங்கே நம்மூரில் நெடுங்காலமாக நடந்துவருவது டி அண்ட் சி. "கிளீன் பண்ணி விட்டாங்க" என்பார்கள். கர்ப்பப்பை வாயை விரித்து, ஒரு சுரண்டியை உள்ளே விட்டு, கைக்குத் தட்டுப்படுவதை வழித்தெடுத்துப் பயாப்ஸிக்கு அனுப்புவது. கண்ணால் பார்க்காமல் செய்வது. 1975இல் வெளியான ஓர் ஆய்வில், கர்ப்பப்பையை அகற்றும் அறுவைக்குச் சற்று முன்பு டி அண்ட் சி செய்துவிட்டு, அகற்றிய கர்ப்பப்பையைத் திறந்து பார்த்தார்கள். 60 சதவீதம் பேரிடம் உள்ளறையின் பாதிப் பரப்பைக்கூடச் சுரண்டி தொட்டிருக்கவில்லை. காம்பில் தொங்கும் பாலிப் சுரண்டிக்கு வழுக்கிக்கொண்டு நழுவும். பயாப்ஸி "நார்மல்" என்று வரும்; இரத்தப்போக்கு மட்டும் நிற்காது. அடுத்த டி அண்ட் சி. அதற்கடுத்து, "கர்ப்பப்பையையே எடுத்துடுங்கம்மா, நிம்மதி."

ஹிஸ்டரோஸ்கோப்பியில் அந்தப் பாலிப் எதிரில் தெரியும். காம்பைக் கத்தரித்து வெளியே எடுத்துவிடலாம். பாலிப்புகளில் பெரும்பாலானவை சாதாரணச் சதைதான். ஆனாலும் எடுத்ததைப் பயாப்ஸிக்கு அனுப்பியே தீர வேண்டும். நார்க்கட்டி விஷயத்தில் அது இருக்கும் இடம் முக்கியம். சுவருக்கு வெளியே தள்ளிக்கொண்டிருப்பதையும் சுவருக்குள் புதைந்திருப்பதையும் இந்தக் குழலால் ஒன்றும் செய்ய முடியாது. உள்ளறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் வகையைத்தான் சீவி எடுக்க முடியும். முழுவதும் உள்ளறையில் தொங்கினால் எளிது. பாதிக்கு மேல் சுவருக்குள் இருந்தால் கடினம், சில நேரம் இரண்டு தடவையாகச் செய்ய வேண்டியிருக்கும். "எனக்கும் கட்டி, அவளுக்கும் கட்டி, அவளுக்கு மட்டும் எப்படிக் கிழிக்காம எடுத்தாங்க?" என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான்.

இரண்டாவது கூட்டம், மாதவிடாய் நின்று ஒரு வருடம் தாண்டிய பிறகு திடீரென்று இரத்தம் பட்டவர்கள். ஒரு சொட்டாக இருந்தாலும் சரி, ஒரே ஒரு நாளாக இருந்தாலும் சரி. நம் பாட்டிமார்கள் இதைச் சொல்லவே கூசுவார்கள். "உஷ்ணம்" என்று மோர் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வார்கள். இப்படி இரத்தம் படுகிறவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குக் கர்ப்பப்பை உட்சவ்வில் புற்றுநோய் இருக்கிறது. மீதி ஒன்பது பேருக்கு இல்லை என்பதும் இதில் அடக்கம். ஆனால் அந்த ஒருவர் சீக்கிரம் வந்தால் நோய் கர்ப்பப்பையைத் தாண்டாத நிலையிலேயே பிடிபட்டு, நன்றாகக் குணமாகும் வாய்ப்பு அதிகம். மார்பகப் புற்றுநோய்க்கு டாமாக்சிபென் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு உட்சவ்வில் பாலிப்பும் புற்றும் வரும் வாய்ப்பு கூடுதல். அவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். "போன வருஷம் பாப் ஸ்மியர் எடுத்தேன், நார்மல்" என்பது இங்கே உதவாது. அது கர்ப்பப்பை வாய்க்கான சோதனை. உள்ளறையைப் பற்றி அது பேசுவதில்லை.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நூல் காணாமல் போன காப்பர் டியை எடுக்க. பிறவியிலேயே உள்ளறையின் நடுவில் இருக்கும் தடுப்புச் சவ்வைப் பார்க்க. அடிக்கடி டி அண்ட் சி செய்ததாலோ பிரசவத்துக்குப் பின் சுரண்டியதாலோ சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதைப் பிரித்துவிட. இப்படி ஒட்டிக்கொள்வதை 1948இல் ஆஷர்மன் விரிவாக எழுதினார். அவர் பெயராலேயே இன்றும் அழைக்கிறார்கள். நம் நாட்டில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு: காசநோய். இருமலே இல்லாமல் கர்ப்பப்பையிலும் கருக்குழாயிலும் குடியேறிக் குழந்தையின்மைக்குக் காரணமாகும் காசநோய். வெளிறிப்போன, ஒட்டுகள் நிறைந்த உள்ளறையைப் பார்த்தால் சதையை எடுத்து அந்தச் சோதனைக்கும் அனுப்புவார்கள்.

நாள் குறிப்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. தூரம் நின்றதும், அதாவது ஏறத்தாழ 6ஆம் நாளிலிருந்து 12ஆம் நாளுக்குள். அப்போது சவ்வு மெல்லியதாக இருக்கும், எது வளர்ச்சி எது சவ்வு என்று தெளிவாகத் தெரியும். கருத்தரித்திருக்கும் வாய்ப்பும் குறைவு. கர்ப்பமாக இருந்தால் இதைச் செய்யக் கூடாது. அடிவயிற்றில் தொற்று, துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் இருந்தாலும் தள்ளிப்போட வேண்டும். கர்ப்பப்பை வாயை இளக்க முந்தைய இரவோ அன்று காலையோ மிசோப்ரோஸ்டால் மாத்திரை சிலருக்குத் தருவார்கள். கருக்கலைப்பிலும் பயன்படும் மாத்திரை இது என்பதால் மருந்துக்கடைக்காரர் ஒரு பார்வை பார்ப்பார், பொருட்படுத்த வேண்டாம். வயிறு இழுத்துப் பிடிப்பதும் குளிர் நடுக்கமும் அதன் வேலைதான்.

"வலிக்குமா?" என்ற கேள்விக்கு "ஒண்ணும் இருக்காதும்மா" என்று சொல்லிவிடுவது எளிது. உண்மை அப்படி இல்லை. நம்மூரில் பெரும்பாலும் குறைந்த நேர மயக்கத்தில் செய்கிறார்கள். அப்போது செய்யும்போது ஒன்றும் தெரியாது, எழுந்தபின் தூர வலி போல அடிவயிற்றில் இருக்கும். மெல்லிய குழலை வைத்து, மயக்கம் தராமல் ஓ.பி.யிலேயே பார்ப்பதும் உண்டு. பலருக்கு அது தாங்கிக்கொள்ளக்கூடிய இழுப்புதான். சிலருக்குத் தாங்க முடியாத வலி. மயக்கமில்லாமல் செய்வது பரவலாக இருக்கும் பிரிட்டனில், வலியைப் பற்றி முன்கூட்டிச் சொல்லவில்லை என்று பெண்கள் சேர்ந்து இயக்கமே நடத்தினார்கள். அந்நாட்டின் நைஸ் அமைப்பு 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 3.5 மி.மீ. அல்லது அதைவிட மெல்லிய குழலையே பயன்படுத்த வேண்டும், ஸ்பெகுலம் என்ற விரிப்பான் இல்லாமல் நுழைய வேண்டும், வலி மாத்திரையை முன்பே எடுத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும் என்கிறது. சுகப்பிரசவம் ஆகாதவர்கள், மாதவிடாய் நின்றவர்கள், தூர நாட்களிலேயே வலியில் துடிப்பவர்கள் ஆகியோருக்கு வலி கூடுதலாக இருக்கலாம். விழித்திருக்கும்போது செய்தால் "நிறுத்துங்க" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. சொன்னால் நிறுத்த வேண்டும். நிறுத்திவிட்டு இன்னொரு நாள் மயக்கத்தில் செய்துகொள்ளலாம். பொறுத்துக்கொள்பவள்தான் நல்ல பெண் என்ற பழக்கத்தைத் தியேட்டர் வாசலிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

கல்யாணமாகாத பெண்ணுக்கு என்றால் வீட்டில் இன்னொரு கவலை கிளம்பும். விரிப்பான் போடாமல் மெல்லிய குழலைத் தண்ணீரின் போக்கிலேயே செலுத்தும் முறை இருப்பதால் அவர்களுக்கும் செய்ய முடியும். அந்தக் கவலைக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டு, பெண் இரத்தச்சோகையில் வெளிறிப்போவதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் தவறு.

மயக்கம் என்றால் ஆறு மணி நேரம் முன்பிருந்தே சாப்பாடு கிடையாது. உடன் ஒருவர் வர வேண்டும். வெறும் பார்வை மட்டுமென்றால் பத்துப் பதினைந்து நிமிடம். கட்டியைச் சீவுவதென்றால் ஒரு மணி நேரம்கூட ஆகலாம். பெரும்பாலோர் அன்றே வீடு திரும்பிவிடலாம்.

ஆபத்தே இல்லையா என்றால், உண்டு, அரிது. குழலின் முனை கர்ப்பப்பைச் சுவரைத் துளைத்துவிடலாம். பார்ப்பதற்கு மட்டும் செய்யும்போது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாகவே இது நேர்கிறது. ஒட்டுகளைப் பிரிக்கும்போதும் பெரிய கட்டியைச் சீவும்போதும் அதிகம். தொற்று வரலாம். அதிகம் பேசப்படாத ஆபத்து ஒன்று, அந்தத் தண்ணீரிலேயே இருக்கிறது. அழுத்தத்தோடு உள்ளே போகும் நீர், அறுபட்ட இரத்தக்குழாய் வழியாக உடம்புக்குள் ஏறிவிடும். மின்சாரம் கடத்தாத கிளைசின் கரைசலைப் பயன்படுத்தும் பழைய வகைக் கருவியில் இது கூடுதல் கவலை. ஒரு லிட்டருக்கு மேல் ஏறினால் இரத்தத்தில் சோடியம் இறங்கி மூளை வீங்கும் அளவுக்குப் போகலாம். சலைனில் வேலை செய்யும் பைபோலார் கருவியில் ஆரோக்கியமானவர்களுக்கு இரண்டரை லிட்டர் வரை எல்லை. இதய நோயாளிகளுக்கும் வயதானவர்களுக்கும் அதைவிடக் குறைவு. அதனால்தான் நல்ல தியேட்டரில் ஒருவர், எத்தனை மில்லி உள்ளே போனது, எத்தனை வெளியே வந்தது என்று கணக்குப் பார்ப்பதையே வேலையாக வைத்திருப்பார். எல்லை தொட்டுவிட்டால் கட்டி பாதியில் இருந்தாலும் நிறுத்திவிடுவார்கள். "பாதிதான் எடுத்தாங்களாம், சரியா செய்யல" என்று குறைப்படாதீர்கள். நிறுத்தத் தெரிந்த மருத்துவர் அவர்.

வீட்டுக்கு வந்தபின் சில நாட்கள் இரத்தம் கலந்த நீர்போலப் படுவது சகஜம். அது நிற்கும்வரை தாம்பத்திய உறவும் குளம், ஆற்றுக் குளியலும் வேண்டாம். ஜுரம், துர்நாற்றம், மணிக்கொரு நாப்கின் நனையும் அளவு போக்கு, குறையாமல் ஏறிக்கொண்டே போகும் வயிற்றுவலி: இவற்றில் எது இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

இவ்வளவு புகழ்ந்துவிட்டேன், இனி மறுபக்கம். குழந்தைக்காகச் சிகிச்சைக்குப் போகும் தம்பதியிடம், ஐ.வி.எஃப்.புக்கு முன்னால் எல்லாருக்கும் ஒரு ஹிஸ்டரோஸ்கோப்பி என்று பேக்கேஜில் சேர்த்துவிடும் வழக்கம் இருக்கிறது. 2016இல் லான்செட் இதழில் இதைப் பற்றி இரண்டு ஆய்வுகள் வெளிவந்தன. இரண்டு முதல் நான்கு முறை ஐ.வி.எஃப். தோற்ற, ஸ்கேனில் கர்ப்பப்பை சரியாக இருந்த 702 பெண்களை ஒன்று ஆராய்ந்தது. ஹிஸ்டரோஸ்கோப்பி செய்தவர்களிலும் செய்யாதவர்களிலும் குழந்தை பிறந்தது ஒரே அளவு, 29 சதவீதம். முதல் முறை ஐ.வி.எஃப். செய்யும் 750 பெண்களை வைத்து நெதர்லாந்தில் நடந்த மற்றொன்றிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஸ்கேனில் சந்தேகம் எதுவும் இல்லாதபோது வழக்கத்துக்காகச் செய்வதில் பெண்ணுக்கு லாபமில்லை. உள்ளறைத் தடுப்பை வெட்டிவிட்டால் கரு தங்கும் என்று வெகுகாலம் நம்பினார்கள். 2021இல் வந்த ஒரு சிறிய ஆய்வில் வெட்டியவர்களில் 31 சதவீதம், வெட்டாமல் விட்டவர்களில் 35 சதவீதம் பேர் குழந்தை பெற்றார்கள். எண்பது பேரளவிலான ஆய்வு என்பதால் இதுவே முடிந்த முடிவல்ல. ஆனால் "வெட்டினாத்தான் நிக்கும்" என்று யாராவது அடித்துச் சொன்னால் இரண்டாவது கருத்து கேட்க இது போதும்.

என்னைக் கேட்டால், இந்தக் கருவி நம் நாட்டில் அதிகம் உழைக்க வேண்டிய இடம் வேறு. தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு மூன்று பேர் அளவில் கர்ப்பப்பையை அகற்றிக்கொண்டவர்கள். பக்கத்து ஆந்திரத்தில் எட்டுக்கும் மேல். முப்பதுகளிலேயே எடுத்துவிட்டவர்கள் ஏராளம். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்துக் கரும்பு வெட்டும் பெண்கள், வேலை நாள் போகிறதே என்று கூட்டம் கூட்டமாக எடுத்துக்கொண்ட செய்தி நாடறிந்தது. தேவையற்ற அகற்றல்களைத் தடுக்க மத்திய அரசு வகுத்த வழிகாட்டுதல்களை மாநிலங்கள் ஏற்றுச் செயல்படுத்த வேண்டும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அகற்றியே ஆகவேண்டிய நோய்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒரு பாலிப்புக்காக, கர்ப்பப்பைக்குள் ஹார்மோன் லூப் வைத்தாலே அடங்கக்கூடிய போக்குக்காக, உள்ளே என்ன இருக்கிறது என்று யாருமே பார்க்காமல் ஒரு பெண்ணின் கர்ப்பப்பை போய்விடுவது அநியாயம். "எடுத்துடலாம்" என்று சொல்லப்பட்டால், "பயாப்ஸி எடுத்தாச்சா? உள்ள பாத்தாச்சா? மாத்திரை, லூப் எதுவும் எனக்கு ஒத்து வராதா?" என்று கேளுங்கள். நல்ல மருத்துவருக்கு இந்தக் கேள்வியில் கோபம் வராது.

கடைசியாக ஒன்று. முடிந்து கிளம்பும்போது, உள்ளே எடுத்த படங்கள், என்ன பார்த்தார்கள் என்ன செய்தார்கள் என்ற குறிப்பு, எந்தச் சதையைச் சோதனைக்கு அனுப்பினார்கள் என்ற சீட்டு ஆகிய மூன்றையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பயாப்ஸி முடிவு வரச் சில நாட்கள், சில இடங்களில் ஒன்றிரண்டு வாரம்கூட ஆகும். அதற்குள் போக்கு நின்றிருக்கும், உடம்பு தேறியிருக்கும், வீட்டு வேலை இழுத்துக்கொள்ளும், அந்தத் தாள் ஆய்வகத்திலேயே கிடக்கும். ஏதாவது இருந்தால் அவர்களே போன் செய்வார்கள் என்று இருந்துவிடாதீர்கள். நீங்களே நேரில் போய் வாங்கி, மருத்துவரிடம் காட்டிவிட்டு வாருங்கள்.